மறுப்பதற்கு முன்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தில் நாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் விதத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நம் பொதுப்பேச்சில் பெரும்பகுதி இன்று அங்கேதான் நடக்கிறது. தேர்தல், திருவிழா, தண்ணீர், மருத்துவம், பள்ளிக் கட்டணம், புதிதாக வந்த படம் என்று எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் பேசித் தீர்க்கிறோம். முன்பு மேடை கிடைக்காதவர்களுக்கு இன்று மேடை கிடைத்திருக்கிறது. அது பெரிய நன்மை. அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்கிறோமே என்ற கவலையில்தான் இங்கே நிற்கிறேன்.

பேச்சு வசையாக மாறும்போது சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். யார் போகிறார்கள் என்று கவனியுங்கள். வசைபாடுகிறவர் போவதில்லை. விஷயம் தெரிந்தவர், நிதானமாகப் பேசுகிறவர், வீட்டில் வேறு வேலை உள்ளவர், இவர்கள்தான் போகிறார்கள். பெண்கள் போகிறார்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலையொட்டி, 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு ட்விட்டரில் எழுதப்பட்டவற்றை அம்னஸ்டி இன்டர்நேஷனல் இந்தியா அமைப்பு ஆராய்ந்து, 2020இல் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய ஏழு பதிவுகளில் ஒன்று இழிவுபடுத்துவதாகவோ வசையாகவோ இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்களுக்குச் சாதி வசையும், முஸ்லிம் பெண்களுக்கு மத வசையும் கூடுதலாக வந்து விழுந்தன. மேடைக்குப் பழகிய, கட்சியின் பாதுகாப்பு உள்ள தலைவர்களுக்கே இந்த நிலை என்றால், உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைப் பற்றி முதன்முதலாக நான்கு வரி எழுதிப் பார்க்கும் கல்லூரி மாணவியின் நிலை என்ன? ஒருமுறை அடிபட்டால் அவர் மறுபடி எழுத மாட்டார். அவர் சொல்லியிருக்கக்கூடிய உண்மையும் அவரோடு போய்விடும்.

இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது, கோபத்தைக் குறையுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்பது. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதன் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விவாதத்துக்கு இனிமை மட்டும் போதாது. விவாதத்துக்கென்று தனி ஒழுங்கு ஒன்று நம்மிடம் இருந்தது. எதிராளி சொல்வதை முதலில், முழுமையாக, அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மறுப்பது என்பதே அந்த ஒழுங்கு. இன்று நான் வலியுறுத்த வந்திருப்பது அந்த ஒன்றைத்தான்.

இணையம் வந்துதான் நாம் கெட்டுப்போனோம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் அச்சு வரலாற்றிலேயே பெரிய கண்டனப் போர் நடந்திருக்கிறது. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் நூலாக வந்தன. அவற்றை அருட்பா என்று சொல்லலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு கேட்டது. போலியருட்பா மறுப்பு என்ற நூல் 1869இல் வந்தது. மறுப்புக்கு மறுப்பு, அதற்கு ஒரு கண்டனம் என்று துண்டறிக்கைகளும் சிறுநூல்களும் வந்துகொண்டே இருந்தன. மானநஷ்ட வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிரே நிற்க, அந்தப் போர் மறுபடி மூண்டது. இரு பக்கமும் இருந்தவர்கள் கற்றறிந்தவர்கள். தமிழுக்கும் சைவத்துக்கும் உழைத்தவர்கள். பாடல்களின் தகுதியைப் பற்றித் தொடங்கிய பேச்சு, ஆட்களின் தகுதியைப் பற்றிய ஏச்சாகச் சரிந்தபோது அவர்களாலும் அதை நிறுத்த முடியவில்லை. படிப்பு மட்டும் ஒருவரை இதிலிருந்து காப்பாற்றாது என்பதற்கு அந்தப் போரே சான்று.

ஆனால் அன்றைக்குச் சில தடைகள் இருந்தன. எழுத வேண்டும், அச்சுக் கோக்க வேண்டும், மெய்ப்புப் பார்க்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். எழுதியவர் பெயரோ அச்சகத்தின் பெயரோ நூலில் இருக்கும். கோபம் ஆறுவதற்கு அதற்குள் சில நாட்கள் கிடைக்கும். இன்று எழுதுவதற்கும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்வதற்கும் நடுவே ஒரு விரல் தட்டல்தான் இருக்கிறது. அன்றைய கண்டனத்தைப் படித்தவர்கள் அந்தப் பிரச்சினையில் அக்கறை உள்ளவர்கள். இன்று முன்பின் அறியாத ஆயிரம் பேர் அதைப் பார்க்கிறார்கள். பேச்சின் தொடக்கத்தையே பார்க்காமல், நடுவில் ஒரு வரியை மட்டும் பார்க்கிறார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட காட்சி. ஆனால் இதன் சாயல் உங்கள் கைப்பேசியில் கட்டாயம் இருக்கும்.

ஓர் ஊர் வாட்ஸ்அப் குழு. வெள்ளிக்கிழமை வாரச்சந்தையைக் கடைவீதியிலிருந்து புறவழிச்சாலைப் பக்கம் மாற்றுவதாகப் பேச்சு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலையில் எழுதுகிறார்: "சந்தையை மாத்துறதுதான் நல்லது. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ்கூட உள்ள வர முடியல." காய்கறி விற்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் பதில் போடுகிறான்: "அவ்ளோ தூரம் கூடையத் தூக்கிட்டு யார் சார் போவாங்க? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" ஆசிரியர்: "யோசிக்காம பேசுற பழக்கம் எனக்கு இல்ல தம்பி." இப்போது மூன்றாவது ஆள் வருகிறார்: "பெரியவங்ககிட்ட பேசுற முறையா இது?" நான்காவது ஆள்: "கார்ல போறவங்களுக்குக் கூடை தூக்குற கஷ்டம் எங்க தெரியும்?" ஐந்தாவது ஆள் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குழுவில் போடுகிறார். அந்தக் குழுவில் பையனின் தெருப் பெயர் வருகிறது. தெருப் பெயர் வந்தால் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் குழுவில் ஆம்புலன்ஸும் இல்லை, கூடையும் இல்லை. ஆசிரியர் சொன்னது உண்மை. பையன் சொன்னதும் உண்மை. ஊர் கூடி யோசிக்க வேண்டியது இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து என்ன செய்யலாம் என்பதை. அவை இருந்த இடத்தில் வயது, மரியாதை, வசதி, கடைசியில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டன.

இது எப்படி நடந்தது? பையனின் பதிலில் முதல் வாக்கியம் நல்ல கேள்வி. அதற்குள் ஒரு வாழ்க்கை இருக்கிறது. இரண்டாவது வாக்கியம்தான் ஆசிரியரைக் குத்தியது. ஆசிரியரும் முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லவில்லை, இரண்டாவதற்கே சொன்னார். நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். பத்து வரியில் ஒன்பது வரி விஷயமும் ஒரு வரி குத்தலும் இருந்தால், குத்தலுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம். அடுத்து, மூன்றாவது ஆளைப் பாருங்கள். இரண்டு பேருக்குள் இருந்த மனத்தாங்கலைக் கட்சி கட்டும் சண்டையாக ஆக்கியவர் அவர்தான். அவர் கெட்டவர் இல்லை. மரியாதையைக் காப்பாற்ற வந்தவர். ஆனால் சந்தையைப் பற்றி ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை.

அந்தப் பையன் நேரில் நின்று, கொஞ்சம் சிரித்த முகத்தோடு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?" என்று கேட்டிருந்தால் ஆசிரியரும் சிரித்திருப்பார். எழுத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலிய உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது. கேலியாகச் சில வாக்கியங்களையும் நேராகச் சில வாக்கியங்களையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எது கேலி, எது நேர் என்று படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56 முறை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 கிடைக்கும். எழுதும்போது நம் குரல் நம் காதுக்குள் ஒலிக்கிறது; அதனால் படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். படிப்பவர் தன் அன்றைய மனநிலையின் குரலில் அதைப் படிக்கிறார்.

அந்த மனநிலையும் சாதாரண விஷயம் இல்லை. ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராருக்கு எளிய தேர்வும் இன்னொரு சாராருக்குக் கடினமான தேர்வும் வைத்துவிட்டு, ஒரு செய்திக் கட்டுரையின் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். தேர்வு எளிதாக இருந்து, முன்னால் இருந்த கருத்துகளும் பண்பாக இருந்தபோது, எழுதப்பட்டவற்றில் 35 சதவீதம் வம்புப் பேச்சாக இருந்தது. தேர்வு கடினமாக இருந்து, முன்னால் இருந்த கருத்துகளும் வம்பாக இருந்தபோது அது 68 சதவீதமாக ஏறியது. அவர்கள் பொறுக்கியெடுத்த வம்பர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள். இணையத்தில் வசைபாடுவதற்கென்றே பிறந்த ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது என்ற எண்ணம் நமக்கு வசதியாக இருக்கிறது. கூலிக்கு வசைபாடுகிறவர்களும் கட்சிக்காக வசைபாடுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் களைத்துப்போன மாலையில், முதல் கருத்தே வசையாக இருக்கும் இடத்தில், நம்மில் யாரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட முடியும்.

இதற்கு மேல் தளங்களின் அமைப்பு வேறு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரேடியும் உடன் ஆய்வாளர்களும் துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபால் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை ஆராய்ந்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அறச்சீற்றம் போன்ற உணர்ச்சி தோய்ந்த சொல் ஒன்று கூடும்போதெல்லாம் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடியது. பரவியதும் பெரும்பாலும் தம் கட்சிக்குள்ளேயே. அதாவது, காட்டமாக எழுதினால் நம் ஆட்களிடமிருந்து கைதட்டல் கிடைக்கும். மாற்றுக் கருத்து உள்ளவரை அது போய்ச் சேராது. யாரை இணங்கவைக்க எழுதத் தொடங்கினோமோ, அவர் அங்கே இருக்கவே மாட்டார்.

சட்டம் போட்டு நிறுத்த முடியாதா என்று கேட்பீர்கள். தென்கொரியா முயன்று பார்த்தது. பெரிய இணையதளங்களில் உண்மைப் பெயரை உறுதிசெய்த பிறகே கருத்து எழுதலாம் என்ற சட்டம் அங்கே 2007இல் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமான பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. இடையில் 2011இல், பெரிய தளமொன்று ஊடுருவப்பட்டு சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012இல் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. நம் குடும்பக் குழுக்களை எண்ணிப் பாருங்கள். அங்கே யாருக்கும் முகமூடி இல்லை. சித்தப்பா யார், மச்சான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை மட்டும் நிற்பதில்லை.

நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவு இருந்தது. மனம் புண்படும்படி எழுதினால் சிறை என்றது அது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், முழு அடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய ஓர் இளம்பெண்ணும் அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணும் கைதுசெய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவை நீக்கியது. பண்பைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டம், கடைசியில் கேள்வி கேட்டவர்களின் கையில் விலங்கு மாட்டியது. கொலை மிரட்டல், பாலியல் மிரட்டல், படத்தைத் திரித்துப் பரப்புவது, வீட்டு முகவரியை வெளியிடுவது ஆகியவை குற்றங்கள். அவற்றுக்குச் சட்டம் வேண்டும். காவல்துறை உடனே செயல்பட வேண்டும். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் குற்றத்துக்கும் நாகரிகத்துக்கும் நடுவே பெரிய பரப்பு இருக்கிறது. அந்தப் பரப்பு முழுவதும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

அங்கேதான் நம் பழைய ஒழுங்கு உதவும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒன்று பரபக்கம், இன்னொன்று சுபக்கம். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. பிறர் கொள்கைகளுக்கென்று ஒரு முழுப் பகுதியை முன்னால் ஒதுக்கியிருக்கிறார். அதிலும் முதலில் உலோகாயதர் பேசுகிறார். கடவுள் இல்லை, மறுபிறவி இல்லை, கண்டதே உண்மை என்பவரின் வாதத்தை ஒரு சிவாசாரியார் வரிசையாக எடுத்து வைக்கிறார். அது முடிந்த பிறகே மறுப்பு தொடங்குகிறது. பிறகு பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவருக்கும் இதே முறை. மறுப்பில் அவர் தயவு காட்டுவதில்லை. கேலியும் உண்டு, கடுமையும் உண்டு. ஆனால் எதிராளியை ஊமையாக்கிவிட்டு மறுப்பதில்லை.

மணிமேகலைக் காப்பியத்திலும் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமாகப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. சாத்தனார் பௌத்தக் காப்பியம் பாடுகிறவர். ஆனாலும் மற்றவர்கள் பேச இடம் விட்டிருக்கிறார். நீலகேசியின் கதை இன்னும் வியப்பானது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் ஒரு பகுதி, நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையிலிருந்து கிடைப்பது. மறுக்க வந்தவர்கள் எடுத்துக்காட்டியதால் மறுக்கப்பட்டவர்களின் சொற்கள் பிழைத்திருக்கின்றன. இன்று நம் விவாதங்கள் எல்லாம் அழிந்து, நாம் எழுதிய மறுப்புகள் மட்டும் எஞ்சினால், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று ஒருவரால் அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா? நம் மறுப்பின் தரத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு முக்கியமான எதிர்வாதம் இருக்கிறது. நான் சொல்லும் முறைப்படி அதை முதலில் முழுமையாகச் சொல்ல வேண்டும். நாகரிகமாகப் பேசு என்று எப்போதும் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அடித்தவரைப் பார்த்துச் சொல்வதில்லை. அடிபட்டுக் கத்துகிறவரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஒரு தலித் இளைஞர் தன் ஊரில் நடந்த கொடுமையைக் கோபத்தோடு எழுதினால், கொடுமையை விட்டுவிட்டு அவருடைய சொற்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் தனக்கு நேர்ந்த அத்துமீறலைச் சொன்னால், சொன்ன தொனி சரியில்லை என்கிறார்கள். மெதுவாகப் பேச வசதி உள்ளவர்களுக்கே நாகரிகம் எளிது. ஆகவே இந்த நாகரிகப் பேச்சு முழுவதும் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களின் வாயை அடைக்கும் வழி. இதுதான் அந்த வாதம்.

இதில் பெரும்பகுதி உண்மை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். சந்தைக் குழுவில் மூன்றாவது ஆள் செய்தது இதைத்தான். முறை தெரியாமல் பேசுகிறாய் என்ற ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவிட்டார். அதனால்தான் நான் கோபத்தைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. கோபமும் இந்த ஒழுங்கும் ஒன்றாக இருக்க முடியும். அதைக் காட்டியவர் டாக்டர் அம்பேத்கர்.

1936இல் லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை உரையாற்ற அவரை அழைத்தது. எழுதி அனுப்பிய உரையில் சில கருத்துகளை மாற்றச் சொன்னது. அவர் மறுத்துவிட்டார், கூட்டம் நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுதான் சாதியை அழித்தொழித்தல். இரண்டே மாதத்தில் படிகள் தீர்ந்தன; தமிழிலும் குஜராத்தியிலும் உடனே மொழிபெயர்க்கப்பட்டது. காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழில் அந்த நூலை விமர்சித்து எழுதினார். அடுத்த ஆண்டு அம்பேத்கர் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது என்ன செய்தார் தெரியுமா? காந்தி எழுதிய விமர்சனத்தைத் தன் நூலிலேயே சேர்த்து அச்சிட்டார். அதோடு தன் பதிலையும் அச்சிட்டார்.

அந்தப் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் மழுப்பல் எதுவும் கிடையாது. நாட்டின் மிகப் பெரிய தலைவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நூற்றாண்டுகளின் வலி அதில் இருக்கிறது. ஆனாலும், என்னை மட்டும் நம்புங்கள் என்று அவர் வாசகரிடம் சொல்லவில்லை. அவர் எழுதியதும் இருக்கிறது, என் பதிலும் இருக்கிறது, படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தார். தன் வாதத்தின் மேல் முழு நம்பிக்கை உள்ளவரால்தான் இதைச் செய்ய முடியும். எதிராளியின் வாதத்தை மறைக்கிறவர், திரிக்கிறவர், ஒரு வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர், தன் வாதம் தாங்காது என்று தானே ஒப்புக்கொள்கிறார். கோபம் இருந்தால் நாகரிகம் இராது என்பவர்களுக்கும், நாகரிகம் என்றாலே அடங்கிப்போவது என்பவர்களுக்கும் 1937இல் வந்த அந்தப் பதிப்பே பதில்.

சரி, நாம் என்ன செய்வது? நடைமுறையில் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்லுங்கள். சந்தைக் குழுவுக்கு மறுபடி போவோம். அந்தப் பையன் இப்படி எழுதியிருந்தால்? "ஆம்புலன்ஸ் வர முடியலங்கறது உண்மைதான் சார், அது உயிர் விஷயம். ஆனா புறவழிச்சாலைக்கு டவுன் பஸ் கிடையாது. எங்கம்மா மாதிரி கூடை வச்சு விக்கிறவங்க எப்படிப் போவாங்க?" அவன் தன் கருத்தை ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. கேள்வி முன்பைவிடக் கூர்மையாகியிருக்கிறது. ஆசிரியர் இப்போது பஸ்ஸைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதே கடமை ஆசிரியருக்கும் உண்டு. வயதில் மூத்தவர் என்பதால் கூடுதலாகவே உண்டு. "கூடைக்காரங்க கஷ்டத்தை நான் யோசிக்காம விட்டுட்டேன் தம்பி, அதுக்கு என்ன வழி?" என்று அவர் கேட்டிருந்தால், சந்தையை அங்கேயே வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் வழி விடலாமா என்று நான்காவது ஆள் யோசனை சொல்லியிருப்பார். எதிராளியின் வாதத்தை உங்களால் எடுத்துச் சொல்ல முடியவில்லை என்றால் அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது மறுப்பு எழுதாதீர்கள், கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது, பிறர் வாதத்தில் மூன்றாவது ஆளாகப் போய்ச் சேரும்போது கவனமாக இருங்கள். இரண்டு பேர் வாதிடும் இடத்தில் நீங்கள் சொல்லப்போவது விஷயத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று பாருங்கள். ஆளைப் பற்றியது என்றால் குழுவில் எழுத வேண்டாம். தெரிந்தவர் என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் வறட்டுப் பிடிவாதமாக மாறுவது, தனியே சொன்னால் பெரும்பாலும் புன்னகையோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, அனுப்பும் முன் ஒரு முறை படியுங்கள். ட்விட்டர் நிறுவனம், கடுமையான பதில் எழுதுகிறவரிடம் அனுப்பும் முன் ஒருமுறை யோசிக்கும்படி கேட்கும் வசதியைச் சோதித்துப் பார்த்தது. கேட்கப்பட்டவர்களில் 34 சதவீதம் பேர் தாம் எழுதியதைத் திருத்தினார்கள் அல்லது அனுப்பாமலே விட்டார்கள் என்று 2021இல் அது அறிவித்தது. ஓர் இயந்திரம் கேட்டதற்கே மூன்றில் ஒருவர் நின்றார் என்றால், நம்மை நாமே கேட்டுக்கொண்டால் இன்னும் பலர் நிற்க முடியும்.

நான்காவது, குழுவின் அட்மின்களாக இருப்பவர்களுக்கு. விதிகளை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி மேலே வையுங்கள். ரெட்டிட் தளத்தின் அறிவியல் பகுதியில் நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார். விவாதத்தின் மேற்பகுதியில் விதிகளை ஒட்டிவைத்த இடங்களில் புதியவர்கள் விதியை மதிப்பது கூடியது. அதைவிட முக்கியமாக, புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி போட்டால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். காவல் இருக்கிறது என்று தெரிந்தால் தயங்கி நின்றவர்கள் உள்ளே வருவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விதியை முதலில் உங்கள் நண்பர்மேல் பயன்படுத்துங்கள். வேண்டாதவருக்கு மட்டும் பாயும் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, மிரட்டலுக்குப் பதில் எழுதாதீர்கள். அது விவாதம் இல்லை. அதில் எடுத்துச் சொல்வதற்கு எதிர்வாதமும் இல்லை. தேதியோடு, இணைப்போடு படம் பிடித்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தாக்கப்படுகிறவர் வேறொருவர் என்றால், பார்த்துவிட்டு நகர்ந்துபோகாதீர்கள். நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரி எழுதுங்கள். வசை பாடியவரோடு சண்டை போடுவதைவிட, வசை வாங்கியவர் பக்கத்தில் போய் நிற்பது அவருக்கு அதிக வலிமை தரும்.

இளைய நண்பர்களே, இவற்றையெல்லாம் செய்தால் எதிராளி உங்கள் பக்கம் வந்துவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அம்பேத்கரின் பதிலைப் படித்துக் காந்தி தம் கருத்தை அன்றைக்கே மாற்றிக்கொள்ளவில்லை. பரபக்கத்தைப் படித்து உலோகாயதர் எல்லோரும் சைவர் ஆகிவிடவில்லை. விவாதத்தின் பயனை அன்றைக்கே எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் தன் கருத்தைத் திரிக்காமல் எடுத்துச் சொன்னவரிடம் ஒருவர் நாளைக்கும் பேச வருவார். ஊராக இருந்தாலும் நாடாக இருந்தாலும், ஒத்துப்போகாதவர்கள் நாளைக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினால்தான் சந்தை எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்ய முடியும். இந்த வாரம் நீங்கள் எழுதப்போகும் அடுத்த மறுப்பில், முதல் வரியை எதிராளிக்குக் கொடுங்கள். அவர் சொன்னதை அவரே ஆமாம் என்று தலையாட்டும்படி எழுதுங்கள். அதன் பிறகு உங்கள் வலுவெல்லாம் சேர்த்து மறுத்து எழுதுங்கள்.